கையைக் கட்டு, வாயைப் பொத்து: வகுப்பறை மேலாண்மை என்னும் பிரதி

பள்ளிக்கல்வி பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் பாடநூலைச் சுற்றியே நின்றிருக்கின்றன. எந்தப் பாடத்தில் எந்தச் சாதியின் பெருமை பேசப்படுகிறது, எந்தப் படத்தில் அம்மா அடுப்படியில் நிற்கிறாள், வரலாற்றிலிருந்து யார் துடைத்தெறியப்பட்டார்கள் என்றெல்லாம் கட்டுடைத்துக் காட்டியாயிற்று. தேவையான வேலைதான். ஆனால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை எழுத்துக்கூட்டத் தொடங்குவதற்கு முன்பே பள்ளிக்கூடம் அதற்கு நிறையச் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறது. எங்கே உட்காருவது, எப்போது எழுந்து நிற்பது, ஒண்ணுக்குப் போக எந்த விரலைக் காட்டுவது, யாரைக் காட்டிக்கொடுப்பது. இந்தப் பாடங்களுக்குப் புத்தகம் கிடையாது. ஏறக்குறைய இவற்றின் எழுத்துவடிவம் என்று சொல்லத்தக்கது, ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் எழுதி மதிப்பெண் வாங்குகிற 'வகுப்பறை மேலாண்மைத் திட்டம்' என்கிற சின்னப் பிரதி. அதை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசிப்பது இங்கே அபூர்வம்.

முதலில் அந்தச் சொல். நீர் மேலாண்மை, கழிவு மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று வரிசையில் வந்து வகுப்பறைக்குள்ளும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்ட சொல் அது. (மேலாண்மை பொன்னுச்சாமியின் பெயரில் இருப்பது மேலாண்மறைநாடு என்ற ஊர், அவரை இதில் சேர்க்க வேண்டாம்.) எதையெல்லாம் மேலாண்மை செய்கிறோம் என்று பார்த்தால், கரை உடைத்துக்கொண்டு வழிந்துவிடுமோ என்று பயப்படுகிறவற்றைத்தான்: வெள்ளம், குப்பை, கூட்டம், பிள்ளைகள். அந்தத் திட்டத்தின் இலக்கணமும் இந்தப் பயத்தின் இலக்கணம்தான். மாணவர்கள் அமரவைக்கப்படுவர், குழுக்களாகப் பிரிக்கப்படுவர், கண்காணிக்கப்படுவர். முழுக்கச் செயப்பாட்டு வினை. பிரிப்பது யார், எதை வைத்துப் பிரிக்கிறார் என்று வாக்கியம் வாய் திறக்காது.

ஒரு பேச்சுக்கு மதகடிப்பட்டை எடுத்துக்கொள்வோம். வில்லியனூர் வட்டம், மண்ணாடிப்பட்டு கொம்யூன். விழுப்புரம்–புதுச்சேரி சாலையில், செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர். புதுச்சேரி நிலம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகக் கிடப்பதால், இந்தப் பக்கத்தில் மாமன் மகன் ஒரு அரசின் பள்ளியிலும் அத்தை மகள் இன்னொரு அரசின் பள்ளியிலும் படிக்கலாம். பாடத்திட்டம் வேறு, சீருடை வேறு. சட்டம் மட்டும் ஒன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு ரெண்டு பேர். பயிற்சிப் பிரதி கற்பனை செய்கிற வகுப்பறையிலோ ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு பாடம். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நடத்துவது அந்தப் பிரதியில் ஒரு 'சவால்' என்ற தலைப்பின்கீழ் கடைசிப் பக்கத்தில் வரும். கிராமத்துப் பள்ளிக்கு அதுதான் முதல் பக்கம்.

மதகடிப்பட்டுக்குப் பக்கத்து ஊர் திருபுவனை. அங்கே முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 1048இல், ஒரு கல்லூரி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். விகிதம் பார்த்தால் ஆசிரியருக்கு 22 பேருக்குள்தான். அந்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊர் வாரியப் பொறுப்புகளிலிருந்து விலக்கு வேறு. இன்றைய தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அந்த விலக்கு கிடையாது: கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பிற வேலைகளைத் தடுப்பதுபோலத் தடுத்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றையும் திறந்துவிட்டிருக்கிறது. ரெண்டு பேரில் ஒருத்தர் அதற்குப் போனால் மிச்சம் ஒருத்தர். நம் ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் திருபுவனையை எடுத்துக்காட்டும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வேதம் படிக்க யாருக்கு உரிமை இருந்ததோ அவர்களுக்கான இடம் அது. யாரை உள்ளே விடுவது என்பதிலேயே மேலாண்மை முடிந்துவிட்டது. உள்ளே தனியாக ஒரு திட்டம் தேவைப்பட்டிருக்காது. எல்லோரும் உள்ளே வந்த பிறகுதான் 'வகுப்பறை ஒழுங்கு' என்ற பிரச்சினையே பிறக்கிறது. இதை மறந்துவிட்டு, அந்தக் காலத்தில் பிள்ளைகள் அடங்கி இருந்தார்கள் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, ரெண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் மூணாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே அறையில் இருக்கிற மற்ற வகுப்புகள் என்ன செய்யும்? பார்த்து எழுதும். எழுதி முடித்தால்? மறுபடி எழுதும். அதற்கும் அப்புறம், ஒரு பிள்ளை எழுந்துபோய்க் கரும்பலகையின் ஓரத்தில் கோடு கிழித்து, மேலே 'பேசியவர்கள்' என்று தலைப்பு போடும்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆகப் பரவலான எழுத்துவகை இதுதான் என்பேன். பேசினால் பெயர் ஏறும். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. சிரித்தாலும் பேச்சுக்கணக்கில் சேரும். 'சார், நான் பேசல சார், ரப்பர் கேட்டேன்' என்பது மேல்முறையீடு, பெரும்பாலும் தள்ளுபடி. கொய்யாக்காய், பல்பம், பாதி முறுக்கு கொடுத்தால் பெயர் அழிபடும். எழுதுகிற லீடரின் பெயர் பட்டியலில் ஒருபோதும் வராது. அந்த அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளையும் எதையும் படிப்பதில்லை. இன்னொன்று கவனிக்கத்தக்கது. பட்டியலில் எழுதப்படுவது குற்றத்தின் உள்ளடக்கம் அல்ல. என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துப் பிள்ளைக்குக் கழித்தலில் கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்ததும் பேச்சு, கிள்ளியதற்குத் திட்டியதும் பேச்சு. கற்றல் நடக்கிற ஒலியும் நடக்காத ஒலியும் ஒரே குறியீட்டின்கீழ் வந்துவிடுகின்றன.

லீடர் யார்? கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளை, உயரமான பிள்ளை, வாத்தியாருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கிற கிராமத்தில் இந்தத் தேர்வுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஊர்த்தெருப் பையன் காலனிப் பையனின் பெயரை எழுதினால் அது பள்ளிக்கூடத்து விஷயம். காலனிப் பெண் ஊர்த்தெருப் பையனின் பெயரை எழுதிப் பெருக்கல் குறியும் போட்டால் அது சாயங்காலம் தெருவுக்கு வந்துவிடக்கூடும். இது தெரிந்த ஆசிரியர் 'பிரச்சினை எதுக்கு' என்று முதல் பையனையே லீடராக்குகிறார். அவர் சாதி பார்க்கவில்லை. வகுப்பை அமைதியாக நடத்துகிறார், அவ்வளவுதான். மேலாண்மை என்பது இப்படித்தான் ஊரின் படிநிலையைத் தன் பெயரைச் சொல்லாமலே உள்ளே கொண்டுவருகிறது.

இந்த லீடரின் வம்சாவளி சுவாரஸ்யமானது. நம் திண்ணைப் பள்ளிகளில் அவர் பெயர் சட்டாம்பிள்ளை. உ.வே.சா. தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிற பாத்திரம். திண்ணையில் ஒன்று இல்லை: 'வகுப்பு' இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் நெடுங்கணக்கிலோ எண்சுவடியிலோ தான் நிற்கிற இடத்தில் நிற்கும். ஒருத்தன் அரிச்சுவடியில், பக்கத்தில் ஒருத்தன் கீழ்வாயிலக்கத்தில். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து ஆய்வு செய்த செந்தில் பாபு, எண்சுவடி மனனத்தை வெற்று உருப்போடுதலாகப் பார்க்காமல் அளவும் கணக்கும் புழங்கிய ஊர் வாழ்க்கையோடு சேர்த்து வாசித்துக் காட்டியிருக்கிறார். அதே திண்ணையில் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. பிந்தி வருகிறவனுக்கு வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும். தரம்பால் 1983இல் மன்றோ காலத்துக் கணக்கெடுப்பை வைத்துத் திண்ணைப் பள்ளிகளை 'அழகிய மரம்' என்று கொண்டாடினார். அந்த மரத்தில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவர்களையும், மரத்தடிக்கே வர விடப்படாதவர்களையும் கணக்கில் சேர்த்துத்தான் அதன் அழகைப் பேச வேண்டும்.

1787இல் மதராசுக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். கம்பெனிச் சிப்பாய்களுக்கும் பெரும்பாலும் இந்த ஊர்ப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். ஒரு தமிழ்ப் பள்ளியில் (அப்போது வெள்ளைக்காரர்கள் நம்மை 'மலபார்' என்பார்கள்) பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். தன் விடுதியில் இதைச் செய்யச் சொன்னபோது சம்பள வாத்தியார்கள் முடியாது என்றார்கள். 8 வயதுப் பையன் ஒருவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். நடந்தது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். அடுத்த ஆண்டுகளில் ஜோசப் லங்காஸ்டர் தன் பங்குக்கு இதேபோன்ற முறையில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து நடத்தினார். 1811இல் தொடங்கிய ஆங்கிலிக்கத் திருச்சபையின் தேசியச் சங்கம் பெல்லின் முறையை ஊரூராகக் கொண்டுபோயிற்று. 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் சொத்திலிருந்து 1830களில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

பெல் எடுத்துக்கொண்டதையும் சேர்த்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மணலும் சட்டாம்பிள்ளையும் இங்கிருந்து போனவை. ஒரே தரத்தில் உள்ளவர்களைச் சேர்த்து ஒன்றாக நகர்த்தும் வகுப்பு, அன்றாடப் பதிவேடு, குற்றங்களை எழுதிவைத்து வாரம் ஒருமுறை பையன்களையே நடுவர்களாக்கி விசாரிக்கும் கறுப்புப் புத்தகம் இவையெல்லாம் அவருடைய அமைப்பில் முக்கிய உறுப்புகளாயின. கரும்பலகை ஓரத்துப் பட்டியலின் தாத்தா அந்தக் கறுப்புப் புத்தகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதிய தண்டனையின் வரலாற்றில் இந்தப் பரஸ்பரப் போதனைப் பள்ளிகள் வருகின்றன: மணி, கைதட்டல், சைகைக்கு உடல் தானாக அசையப் பழகுவது, மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பார்க்கும் கண்களின் அடுக்கு. ஐரோப்பியத் தொழிற்சாலை யுகத்தின் கதையாக நாம் அதைப் படித்தோம். அதன் ஒரு வேர் எழும்பூரில் இருந்தது. சிக்கனம் என்பதே அந்த முறையின் முதல் கவர்ச்சி. ஒரு சம்பளத்தில் பல நூறு பேர். ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியர் செலவு செய்யாமல் ஆசிரியரின் அதிகாரத்தை மட்டும் சில்லறையாக மாற்றிப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவது. ரெண்டு ஆசிரியர் பள்ளியில் இன்றைக்கும் நடப்பது இந்தச் சில்லறை வியாபாரந்தான்.

கிருஷ்ண குமார் இந்திய ஆசிரியரை அடக்கமான சர்வாதிகாரி என்கிறார். மேலே தலைவணங்குகிறவர், அறைக்குள் ராஜா. அதற்குக் கீழே ஒரு படி சேர்க்க வேண்டும், லீடர் என்று.

'கையைக் கட்டு, வாயைப் பொத்து.' தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்த யாருக்கும் இந்தக் கட்டளை தெரியும். இரு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள், வலக்கை ஆள்காட்டி விரலை உதட்டில் வை. இதை ஒரு ஒழுங்குமுறை உத்தியாக மட்டும் பார்க்க முடியாது. தஞ்சாவூர்ப் பண்ணை என்றாலும் பாகூர் ஏரிப் பாசன வயல் என்றாலும், ஆண்டை முன்னால் கைகட்டி வாய்பொத்தி நிற்பது யாருடைய உடல் என்று நமக்குத் தெரியும். எச்சில் தெறித்துவிடக் கூடாது, மூச்சுக்காற்று பட்டுவிடக் கூடாது என்பதற்காக விதிக்கப்பட்ட நிலை அது. தாத்தா களத்துமேட்டில் நின்ற நிலையைப் பேரன் பள்ளிக்கூடத்தில் 'ஒழுக்கம்' என்ற பாடமாகப் படிக்கிறான். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அதே கட்டளைதானே என்று கேட்கலாம். உண்மை. ஒரே கட்டளை ஒவ்வொரு உடலிலும் வேறு நினைவைத் தொடுகிறது. ஒருத்தனுக்கு அது பள்ளி நேரத்து விளையாட்டு, மணி அடித்தால் முடிந்துவிடும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது; தேங்காய் திருடியதாகப் பள்ளியில் பழி விழுகிற இடம் அதில் உண்டு. ஒழுங்கு குலைந்ததாக ஒரு சந்தேகம் எழுந்ததும் விசாரணைக்கு முன்பே சாதி சாட்சியாக வந்து நிற்பதை அங்கே பார்க்கிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்தது. பிரம்பு பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால் போயிற்று. 'அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, அப்புறம் எப்படிங்க கிளாஸ் நடத்துறது?' என்று ஆசிரியர்கள் கேட்பதைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது எளிது. கேள்வி நேர்மையானது. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு அதன் இடத்தில் வைத்தது என்ன?

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பதில் வைக்கப்பட்டது. அதை நாம் போதுமான அளவு விவாதிக்கவில்லை. ஆந்திராவின் ரிஷிவேலியில் பலவகுப்புக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்துவந்து, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கியது செயல்வழிக் கற்றல். 2007–08இல் மாநிலம் முழுவதும் அரசு, உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. பாடம் அட்டைகளாக உடைக்கப்பட்டது. ஏணிப்படியில் எந்த அட்டைக்கு அடுத்து எது என்று பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளும். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கப் பிள்ளைகளுக்கான கரும்பலகை. தலைக்குமேல் கம்பிப்பந்தல், அதில் அவர்கள் வரைந்தவை. வருகையைப் பிள்ளையே குறிக்கும். ஆசிரியர் பாயில், பிள்ளைகளோடு. நாற்காலியிலிருந்து பாய்க்கு இறங்கிய அந்த ரெண்டடி உயரம் சாதாரணமல்ல. முழு வகுப்பையும் ஒரே பார்வையில் அள்ளும் கோணம் அதனால் உடைந்தது. சத்தம் குற்றமாக இருப்பது நின்றது. பேசாமல் அந்த அறையில் எதுவும் நடக்காது. சக மாணவர் துணையுடன் படிக்கும் குழு ஒன்றும் அதில் இருந்தது. பார்த்தால் பெல்லின் பையன்தான். ஒரு வேறுபாடு: இங்கே துணைசெய்வது பதவி இல்லை. தமிழ் ஏணியில் முன்னால் நிற்கிறவள் கணக்கு ஏணியில் பின்னால் நிற்பாள். போன வாரம் கேட்டவள் இந்த வாரம் சொல்லித்தருவாள். பெயர் எழுதும் சாக்பீஸ் யார் கையிலும் நிலையாக இருப்பதில்லை.

இதைக் கொண்டாடிவிட்டுப் போய்விட முடியாது. ஆசிரியரின் சர்வாதிகாரத்தை உடைத்த திட்டம் ஆசிரியரைக் கேட்காமலே சுற்றறிக்கையால் இறங்கியது. குழு அட்டை தொங்குகிறதா, ஆரோக்கியச் சக்கரம் திருப்பப்பட்டதா, கம்பிப்பந்தலில் தாள் இருக்கிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர்கள் வந்தார்கள். பிள்ளைக்குச் சுதந்திரம், ஆசிரியருக்குச் சரிபார்ப்புப் பட்டியல். அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. 'வாத்தியார் நடத்தவே மாட்டேங்கறாரு, புள்ளைங்களே படிச்சிக்கிதுங்க' என்று பெற்றோர் தனியார் வேன் பக்கம் திரும்பியதற்கும் காரணம் இருந்தது: தங்களுக்கு மறுக்கப்பட்ட, முன்னால் நின்று நடத்துகிற வாத்தியாரைத்தான் அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கேட்டார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் தரம் பிரிக்கப்பட்டார்கள். ஏணியில் பிள்ளை நகர்ந்துகொண்டிருந்தது. 'அரும்பு' என்றால் அது பிள்ளைக்கே வைத்த பெயர். 'நீ அரும்புதானே' என்ற வசவு உருவாக ரொம்ப நாள் ஆகாது.

மேலாண்மைத் திட்டத்தில் சாதியை நேருக்குநேர் வைத்த ஆவணம் 2024 ஜூனில்தான் வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை அது. கைக்கயிறு, பள்ளிப் பெயர்களில் சாதி என்று பலவற்றைப் பேசியவர்கள் ஒரு பரிந்துரையைக் கண்டுகொள்ளவில்லை: மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைப்பது. சிரிப்புக்கிடமான சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் யார் பக்கத்தில் யார் என்பது இயல்பாக அமைவது என்கிற பாவனையை அது உடைக்கிறது. 'புள்ளைங்க அவங்களா சேர்ந்து உக்காந்துக்கிறாங்க' என்பதில் இருக்கிற 'அவங்களா' பெரிய பொய். போதாமையும் உண்டு. பல வகுப்புகள் ஒரே பாயில் இருக்கிற தொடக்கப்பள்ளியில் அகரவரிசை நாளுக்கு நாலுமுறை கலையும். உட்காரும் இடத்தை அது மாற்றும். எழுந்து செய்யும் வேலைகளை அது தொடாது.

அந்த வேலைகள்தான் என் கவலை. 2022இல் ஈரோடு மாவட்டத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானார். செய்தியில் வந்தது அது. செய்தியில் வராதவை: காலையில் பெருக்குவது யார், குடத்தில் தண்ணீர் வைப்பது யார், வாத்தியார் டிபன்பாக்ஸைக் கழுவுவது யார், அதைத் தொடவே அழைக்கப்படாதது யார், பேர் எழுதுவது யார். மேலாண்மைத் திட்டத்தில் இவை 'மாணவர் பொறுப்புகள்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும்.

மதகடிப்பட்டுப் பக்கத்தில் ஒரு இளம் ஆசிரியர் இந்த ஜூனில் ஒரு திட்டம் எழுத வேண்டுமென்றால், செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கலாம். சந்தைக்கு மாடு ஓட்டிப்போகும் வீட்டுப் பிள்ளை, திருபுவனைத் தொழிற்பேட்டை ஷிப்டுக்கு அம்மா போய்விட்டதால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை புதன்கிழமை வரும்போது, விட்ட இடத்தைத் தானே எடுத்துக்கொள்ள அறையில் ஏதாவது இருக்க வேண்டும். அட்டையோ, ஏணியோ, பழைய நோட்டோ, பெயர் எதுவானாலும் சரி. கரும்பலகையின் அந்த ஓரத்தைப் பிள்ளைகளின் கிறுக்கலுக்கு விட்டுவிடலாம். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பெருக்கியது, தண்ணீர் எடுத்தது, கழுவியது, லீடராக நின்றது யார் யார் என்று ஒரு மாதத்துக்குத் தேதிவாரியாகக் குறித்துவிட்டு, மாதக் கடைசியில் எந்தத் தெரு, ஆணா பெண்ணா என்று பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். அந்த நோட்டைப் பார்வைக்கு வருகிற அதிகாரியிடம் காட்ட வேண்டியதில்லை.